கையெழுத்துக்குப் பிறகு

மாஜிஸ்திரேட் திலகவதிக்குத் தன் வேலையில் பிடித்த நிமிஷம் ஒன்று உண்டென்றால், அது தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் நிமிஷம்தான். அதுவரை மண்டைக்குள் உட்கார்ந்து நச்சரித்துக்கொண்டிருந்த வழக்கு, பேனாவை மூடியதும் இறங்கிப் போய்விடும். குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட பிறகு, சொன்ன கோர்ட்டே அதைத் திரும்பத் தொடக் கூடாது என்பது சட்டம். எழுத்துப்பிழை, கணக்குப்பிழை இருந்தால் சரிசெய்யலாம். மற்றதெல்லாம் மேல் கோர்ட்டின் பாடு. இந்த விதி மட்டும் இல்லையென்றால் எனக்குத் தூக்கமே வராது என்று அவள் தோழி ரம்யாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ரம்யாவும் மாஜிஸ்திரேட்தான், வேறு மாவட்டத்தில்.

திலகவதிக்குச் சொந்த ஊர் கரூர்ப் பக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு மாறுதலாகி வந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. தாலுகா ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பக்கம் தகரக் கொட்டகை போட்ட சின்னக் கட்டடத்தில் கோர்ட்டு. வெயில் ஏற ஏற உள்ளே இருப்பவர்களின் குரலும் ஏறும். அவள் யாரையும் அதட்டியது கிடையாது. சாட்சிக் கூண்டில் தடுமாறுகிறவர்களிடம், "மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்லை" என்பாள். அதனாலேயே வக்கீல்கள் நடுவில் அவளுக்கு நல்ல பெயர்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. வழக்குகளைக் கூப்பிட ஆரம்பிக்கும் முன்பே வக்கீல் முத்துராஜ் எழுந்து நின்றார். இலவச சட்ட உதவியில் ஏழைகளுக்காக ஆஜராகிறவர். சாதாரணமாகச் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பைக் காணோம். அவருக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் மஞ்சள் துணிப்பையோடு நின்றாள்.

"அம்மா, அய்யப்பன் வழக்கு. போன புரட்டாசியில தீர்ப்பான வழக்கு. தண்டனை சம்பந்தமா ஒரு மனு போட்டிருக்கேன். கொஞ்சம் அவசரம்."

அய்யப்பன் என்றதும் திலகவதிக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மறப்பதில்தான் அவள் கெட்டிக்காரியாயிற்றே. பின்னால் நின்ற பெண் வாயைத் திறந்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"அம்மா, நான் அவுக வீட்டுக்காரி பொன்னுத்தாயி. ஒம்பது மாசம் முடிஞ்சுதுன்னு வெள்ளிக்கிழமை வெள்ளென பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேங்க. சட்டையத் தேச்சு எடுத்துக்கிட்டுப் போயி ஜெயிலு வாசல்ல நின்னேன். மத்தவுகல்லாம் வந்தாக. இவுக வரல. கேட்டா இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்குங்கிறாக. நீங்க அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாவே கழிஞ்சிடும்னு சொன்னீங்களேம்மா. இந்தா, இங்கிட்டுதான் நான் நின்னேன்."

பேசக் கூடாது என்று முத்துராஜ் கையைக் காட்டினார். திலகவதி, "பேசட்டும்" என்றாள். பொன்னுத்தாய் சொல்லி முடித்துவிட்டிருந்தாள். பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு நின்றாள்.

வழக்குக் கட்டை எடுத்து வரச் சொன்னாள் திலகவதி. பெஞ்ச் கிளார்க் ஆத்மநாதன் தீர்ப்பைப் பிரித்து மேசையில் வைத்தார். மேலே தட்டச்சில் இருந்தது. தண்டனைப் பகுதி மட்டும் அவள் கைப்பட எழுதியது. கையை முறித்ததற்கு ஒன்பது மாதச் சிறை. வீடு புகுந்து மிரட்டியதற்கு ஆறு மாதச் சிறை. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, தேதி, முத்திரை. இரண்டு தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்ற வரி மட்டும் அங்கே இல்லை.

அந்த வரி இல்லாவிட்டால் ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று தொடங்கும். ஜெயில்காரர்கள் செய்தது சரிதான். எழுதியிருந்ததைப் பார்த்துக் கூட்டினார்கள்.

அந்தப் புரட்டாசி நாள் அவளுக்குத் தெளிவாகவே நினைவிருந்தது. அய்யப்பன் குடுமியான்மலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் மூன்று ஏக்கர் மானாவாரியும், ஒரு கூட்டுக் கிணற்றில் பாதிப் பங்கும் உள்ளவன். மறுபாதி அவனுடைய பங்காளி தமிழ்செல்வனுக்கு. முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதில் பல வருஷமாகவே புகைச்சல். ஒரு கோடையில் தமிழ்செல்வன் அய்யப்பனின் முறையிலும் சேர்ந்தாற்போல மோட்டாரை ஓட்டிவிட, அய்யப்பனின் மிளகாய்ச் செடிகள் தலை சாய்ந்துவிட்டன. அய்யப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே தமிழ்செல்வன் வீட்டுக்குப் போனான். மண்வெட்டிக் காம்பால் அடித்தான். தமிழ்செல்வனின் இடது முன்கை எலும்பு இரண்டாகிவிட்டது.

சாட்சியங்கள் திட்டவட்டமாக இருந்தன. குற்றவாளி என்று சொல்லிவிட்டு, தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டாள். கூண்டில் நின்றவன் கம்பியைத் தடவிக்கொண்டே பேசினான்.

"அடிச்சது நெசந்தாங்கம்மா. வக்கீலு சொன்னாகன்னு இல்லைன்னு சொன்னேன். எத்தனை மாசம்னாலும் போயிட்டு வாரேன். ஆடிக்கு முன்னாடி விட்டுட்டீங்கன்னா கடலை போட்டுருவேன். அது ஒண்ணுதான்."

உண்மையைச் சொன்ன ஒருவனைப் பார்த்து அவளுக்கு மனம் இளகியது. மனத்துக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்து ஒன்பது என்று வைத்தாள். இரண்டும் ஒன்றாகவே கழியும் என்று வாயால் சொன்னாள். பொன்னுத்தாயின் முகம் வக்கீல் பக்கம் திரும்பியதும், அவர் தலையாட்டியதும்கூட அவள் கண்ணில் பட்டது. அதற்குள் கரண்ட் போய், காவலர் ஒருவர் வேறொரு கைதியைக் கொண்டுவந்து நிறுத்தி, கூடத்தில் ஒரே சலசலப்பு. ஜன்னல் பக்கம் காகிதத்தைச் சாய்த்து வைத்து எழுதினாள். எழுதியபோது, வாயால் சொன்னதைக் கையாலும் எழுதிவிட்டதாகவே நினைத்திருக்கிறாள்.

"அரசுத் தரப்புக்கு நோட்டீஸ். வியாழக்கிழமை விசாரணை" என்றாள். அன்று பிற்பகல் வரைக்கும் மற்ற வழக்குகளை எப்படி நடத்தினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அறையில் தனியாக இருந்தபோது ஆத்மநாதன் உள்ளே வந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. கோர்ட்டு வேலையில் தலை நரைத்தவர். அய்யப்பனின் கட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதும்மா."

"சொல்லுங்க சார்."

"கையெழுத்துக்கு மேல ஒரு வரிக்கு எடம் கெடக்கு. நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு. பொய்யா எழுதப்போறோம்? சொன்னதைத்தானே எழுதப்போறோம்."

"ஜெயிலுக்குப் போன நகல்ல இல்லையே."

"நகல் எடுக்கையில விட்டுப்போச்சுன்னு நான் எழுதிக் குடுத்துர்றேன். என் மேல போட்டுக்கங்க. ஒரு மெமோ வரும், அம்புட்டுத்தானே. நான் பார்க்காத மெமோவா."

அவர் அதை ஒரு தந்திரம்போலச் சொல்லவில்லை. அந்தப் பெண் மத்தியானம் முழுக்கத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். திலகவதிக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் உடனே மறுக்க முடியவில்லை. பேனா மேசைமேல் கிடந்தது. அன்றைக்கு எழுதிய அதே பேனாதான். ஒரு வரி. நாளைக்கே ஜெயிலுக்குச் செய்தி போய்விடும், வாரக் கடைசிக்குள் அவன் ஊரில் இருப்பான்.

கட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். எழுதினால் எவருக்கும் தெரியப்போவதில்லை. எவருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்ய முடியும் என்றால், எவருக்கும் தெரியாமல் கெட்டதும் செய்ய முடியும். நாளைக்கு இதே நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவரிடம் வேறொரு வரி கேட்டு, மஞ்சள் பை இல்லாமல் கார் போட்டுக்கொண்டு யாராவது வருவார்கள்.

"வேணாம் சார்" என்றாள். "உங்க மேல போட்டுக்க வேண்டிய தப்பு இல்லை இது."

ஆத்மநாதன் கட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை வழக்கம்போலத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் சட்டப் புத்தகங்களைப் புரட்டினாள். எங்காவது ஒரு சந்து கிடைக்காதா என்றுதான். எழுத்துப்பிழை என்று சொல்லலாமா? பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பிழை. தேதியில் எண் மாறியிருந்தால் பிழை. தண்டனைகள் ஒன்றாக ஓடுமா தனித்தனியாக ஓடுமா என்பது நீதிபதி யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். அது தண்டனையின் ஒரு பகுதி. அதை இப்போது சேர்த்தால் பிழை திருத்தமாகாது, புதிதாகத் தண்டனை விதித்ததாகவே ஆகும். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அதே வாசலில் வந்துதான் நிற்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அவளைத் தூங்கவைத்த விதி, இப்போது கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் நின்றது.

வியாழக்கிழமை முத்துராஜ் முதலில் தன் பங்கைச் சொன்னார். "தீர்ப்பு நகலை அன்னைக்கே கொடுத்தாங்க. ஒன்பது மாசம்னு காதால கேட்டதே போதும்னு கடைசிப் பக்கத்தை நான் படிக்கலை. அப்பீல் போடவும் அவர் வேண்டாம்னுட்டார், அடிச்சேன், இருந்துட்டு வாரேன்னார். நான் படிச்சிருந்தா அன்னைக்கே மேல போயிருக்கலாம்."

அரசு வக்கீல் நாகராசு எழுந்தார். "அரசுத் தரப்பில ஆட்சேபணை இல்லைங்க. அம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னதாத்தான் எனக்கும் நினைவு."

"ஆட்சேபணை இல்லைன்னா எனக்கு அதிகாரம் வந்துடுமா?" என்று கேட்டாள் திலகவதி.

நாகராசு சற்றுத் தயங்கி, "வராதுங்க" என்றார்.

அப்போது கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து முன்னே வந்தார். நல்ல உயரம். இடது கையை முழுக்க நீட்ட முடியாமல் கொஞ்சம் மடக்கியே வைத்திருந்தார். நோட்டீஸ் விஷயமாகப் போலீஸ்காரர் போய்ச் சொன்னதன் பேரில் வந்திருந்த தமிழ்செல்வன் அவர். பொன்னுத்தாய் அவரைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கினாள்.

"நான் பேசலாங்களா?"

"பேசுங்க."

"அவன் மேல எனக்கு இன்னும் கோவந்தாங்க. இந்தக் கையால ஒரு குடத்தைத் தூக்க முடியல. சமாதானம் பேசவெல்லாம் நான் வரல." அவர் பொன்னுத்தாய் பக்கம் திரும்பவே இல்லை. "ஆனா அன்னைக்கு நீங்க ரெண்டும் ஒண்ணாக் கழியும்னு சொன்னது சத்தியம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா எனக்கு அது புடிக்கல. இப்புடிக் கொறைச்சுப்புட்டாகளேன்னு வெளியில போயி நாகராசு சார்ட்ட சண்டை போட்டேன். கேட்டுப் பாருங்க."

நாகராசு தலையசைத்தார்.

"கோர்ட்டுல என்ன சொன்னாகளோ அதை அவன் அனுபவிக்கட்டும். சொல்லாததையும் சேத்து அனுபவிச்சான்னா, நாளைக்கு ஊருக்குள்ள என்னையத்தான் சொல்லுவாக, உள்ளுக்குள்ள என்னமோ பண்ணி இழுத்துவிட்டுட்டான்னு. அது எனக்கு வேணாங்க."

சொல்லிவிட்டு அவர் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமைக்குள் உத்தரவை எழுதி, திங்கட்கிழமை சொல்வதாகத் திலகவதி அறிவித்தாள்.

சனிக்கிழமை காலை, ரம்யாவுக்குப் போன் போட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு ரம்யா சொன்னாள்:

"மனு தள்ளுபடி, மேல் கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு வரி. இதுக்கு ஏன்டி ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிற?"

"மேல போனா அங்க என்ன கேப்பாங்க? தண்டனை ஒண்ணாக் கழியணும்னு கீழ நினைச்சாங்களா இல்லையான்னுதானே. அதுக்கு ஆதாரம் எங்க இருக்கு? என் மண்டைக்குள்ள மட்டுந்தான் இருக்கு."

"அதனால?"

"தள்ளுபடி உத்தரவுலயே எழுதிடலாம்னு இருக்கேன். இப்படித்தான் நினைச்சேன், வாயால சொன்னேன், எழுத விட்டுட்டேன்னு."

"அதைப் படிச்சதும் முதல்ல உன்கிட்டதான் விளக்கம் கேப்பாங்க. அடுத்த வருஷம் உனக்குப் பிரமோஷன் லிஸ்ட். தெரியுமில்ல?"

"தெரியும்."

"கிளார்க் மேல பழி போடாம, டைப்பிங்கில விட்டுப்போச்சுன்னு பூசி மெழுகாம, நீயே நேரா எழுதிக் குடுக்கப்போறியாக்கும்."

"என் கையெழுத்துல இருக்கே ரம்யா. வேற யாரு மேல போடச் சொல்ற?"

ரம்யா பெருமூச்சுவிட்டாள். "சாப்ட்டியா முதல்ல?" என்று கேட்டுவிட்டு, வேறு எதையோ பேசிப் போனை வைத்தாள்.

மத்தியானத்துக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. தட்டச்சுக்குக் கொடுக்காமல் கைப்படவே எழுதினாள். கையெழுத்துக்குப் பிறகு தீர்ப்பை மாற்ற இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை; இரு தரப்பும் சம்மதித்தாலும் இல்லை; தவறு நீதிபதியுடையதே ஆனாலும் இல்லை என்று முதலில் எழுதினாள். அதற்கடுத்த பத்தியில், இரண்டு தண்டனைகளும் ஏககாலத்தில் கழிய வேண்டும் என்பதே தன் முடிவு என்றும், திறந்த நீதிமன்றத்தில் அவ்வாறே சொன்னதாகவும், காயம்பட்டவரும் அரசு வக்கீலும் அதையே சொல்வதாகவும் எழுதினாள். 'இந்த விடுபடலுக்கு நான் மட்டுமே பொறுப்பு' என்று எழுதி ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். 'மட்டுமே' என்ற சொல்லில் ஏதோ வீம்பு இருப்பதுபோலப் பட்டது. அதை அடித்துவிட்டு, 'இந்த விடுபடல் என்னுடையது' என்று மாற்றினாள். கையெழுத்துப் போடும்வரைக்கும் எதையும் அடிக்கலாம், எதையும் மாற்றலாம் என்பதை அன்றைக்குத்தான் அவ்வளவு உறைக்க உணர்ந்தாள்.

திங்கட்கிழமை முதல் வழக்காக அதைக் கூப்பிட்டார்கள். "மனு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்று ஆரம்பித்தபோதே பொன்னுத்தாயின் கை சுவரைத் தேடியது. அதற்குப் பிறகு வாசித்த எதுவும் அவள் காதில் ஏறவில்லை. திலகவதி வாசித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். நிறுத்தி, கீழே இறங்கிப் போய், இது உனக்கு எதிரானது இல்லை என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. நீதிபதி செய்யக்கூடிய காரியம் அல்ல அது. கடைசிவரைக்கும் வாசித்து முடித்தாள்.

"நகலை இன்னைக்கே கொடுத்துடுங்க" என்று ஆத்மநாதனிடம் சொன்னாள். அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார்.

கொட்டகையில் நடந்த பேச்சு ஜன்னல் வழியாகக் கேட்டது.

"தள்ளுபடின்னா இல்லைன்னுதானே வக்கீலய்யா? அவுங்களே சொன்னதை அவுங்களே இல்லைங்கிறாகளே."

"இல்லைன்னு சொல்லலம்மா. என்னால முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டும் வேற. அம்மா இப்ப இதை மாத்தி எழுதியிருந்தா, அதிகாரம் இல்லாம எழுதினதுன்னு நாளைக்கு மேல ஒரே அடியில அடிச்சிருப்பாங்க. இப்ப என்ன பண்ணியிருக்காங்கன்னா, தப்பு என்னுதுன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க. இதை வச்சுக்கிட்டு நான் மதுரைக்குப் போனா, அங்க அதிகாரம் இருக்கு."

"எத்தனை நாளாகும்?"

"ஓடுறேன்மா. ஓடிப் பார்க்கிறேன்."

"ஆடி பொறக்கப்போவுதுங்களே" என்றாள் பொன்னுத்தாய்.

முத்துராஜ் சொன்னபடி ஓடத்தான் செய்தார். மறுநாளே மதுரை ஐகோர்ட்டில் மனுப் போட்டார். ஆனாலும் எண் போட, பட்டியலில் வர, அரசுத் தரப்பு பதில் சொல்ல என்று நாட்கள் போயின. ஆடியில் இரண்டு நல்ல மழை பெய்தது. கோர்ட்டுக்கு வருகிறவர்கள் வேட்டி நுனியில் செம்மண் ஒட்ட வந்தார்கள். வாய்தா கேட்கிறவர்கள் எல்லாருமே விதைப்பைக் காரணம் சொன்னார்கள். கேட்ட எல்லாருக்கும் திலகவதி வாய்தா கொடுத்தாள்.

ஆடி முடிகிற வாரத்தில் உத்தரவு வந்தது. இரண்டு தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவித்ததாகக் கொள்ள வேண்டும், கைதியை உடனே விடுவிக்க வேண்டும் என்று ஐகோர்ட்டு சொல்லியிருந்தது. அவள் எழுதிய பத்தியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே, ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட இடத்தில் கீழமை நீதிமன்றம் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். வேறு பாராட்டும் இல்லை, வேறு ஏச்சும் இல்லை. இரண்டு வாரம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உத்தரவில் எழுதியதற்கு மேல் தனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று பதில் அனுப்பினாள். பிரமோஷன் பட்டியலில் அடுத்த வருஷம் அவள் பெயர் வரவில்லை. அது இதனால்தானா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ரம்யாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். தண்டனையை வாயால் சொல்லிவிட்டு எழுதுவதை விட்டுவிட்டாள். முதலில் எழுதுவாள். எழுதியதை உரக்க வாசிப்பாள். பிறகு காகிதத்தை இரண்டு வக்கீல்களிடமும் கொடுத்து, "ஒருதரம் பாருங்க" என்பாள். அவர்கள் தலையாட்டின பிறகுதான் பேனாவை எடுப்பாள். இதனால் கோர்ட்டு அரைமணி நேரம் பின்னுக்குப் போகிறது என்று சில வக்கீல்கள் முணுமுணுத்தார்கள். முத்துராஜ் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி எழுத்துவரை படித்தார்.

விடுதலையான அந்த வருஷமே, புரட்டாசி தொடக்கத்தில் அய்யப்பனே கோர்ட்டுக்கு வந்தான். வழக்கின்போது போலீஸார் எடுத்து வைத்த மொபெட் இன்னும் ஸ்டேஷனில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் திருப்பிக் கேட்டு மனு. கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றவனை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலைமுடி ஒட்ட வெட்டி, கன்னம் ஒட்டி இருந்தான். பொன்னுத்தாய் வாசலோரம் நின்றாள்.

"வண்டியை ஒப்படைக்கலாம்" என்று திலகவதி உத்தரவு போட்டாள். வழக்கமாக அதோடு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவன் நகரவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணு கேக்கணுங்கம்மா." அவன் குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்தவன்போலக் கேட்டான். "நீங்க எழுதுனதை ஜெயில்ல ஒரு சாரு வாசிச்சுக் காட்டுனாரு. தப்பு என்னுதுன்னு போட்டிருந்தீங்க. சரி. மதுரையிலயும் விட்டாக. அதுவும் சரி. ஆனா ஆனியிலேருந்து ஆடி முடிய உள்ள இருந்தேனே, அது எந்தக் கணக்குலங்க போகும்? கடலை போடல. கொல்லை சும்மாக் கெடக்கு. அந்த நாளு எனக்குத் திரும்ப வருமாங்க?"

ஆத்மநாதன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். முத்துராஜ் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். திலகவதி அவரை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினாள். அதற்கு நஷ்டஈடு கேட்க வழி உண்டா என்று முத்துராஜ் பார்ப்பார், மனுப் போடுவார், அதெல்லாம் பிறகு. இப்போது அவன் கேட்டது அதை அல்ல.

"வராது" என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை, வழியும் இல்லை. நான் ஒரு வரியை எழுதாம விட்டதால நீங்க அந்த நாளெல்லாம் உள்ள இருந்தீங்க. அதுக்காக வருத்தப்படறேன். இதைத் தனியா இல்லாம, இங்க எல்லாரும் கேக்கச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

கூடத்தில் பின்வரிசைவரை அது கேட்டது. ஒரு நீதிபதி நாற்காலியில் இருந்தபடி இப்படிச் சொல்லலாமா என்று அன்று மத்தியானம் வக்கீல்கள் அறையில் விவாதம் நடந்ததாம். சொல்லலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர்.

அய்யப்பன் எண்ணெய் வைக்காத தலையை ஒருதரம் தடவிக்கொண்டான்.

"வராதுன்னா வராதுதான்" என்றான். "யாருமே அப்படிச் சொல்லலைங்க. எல்லாரும், வந்துட்டேல்ல, விடப்பாங்கிறாக." பிறகு, கும்பிடவா வேண்டாமா என்று யோசித்தவன்போலக் கையைப் பாதி தூக்கி, "வாரேங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வாசலில் பொன்னுத்தாய் அவனிடம் என்னவோ கேட்டாள். அவன் சொன்ன பதில் இங்கே கேட்கவில்லை. இருவரும் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தார்கள்.

டவாலி அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடியும் உரக்கக் கூப்பிட்டார்.